செக் இசையைச் செக் தட்டில்தான் கேட்க வேண்டுமா? சுப்ராஃபோன் பதிவுகள் பற்றி ஒரு பதில்

நண்பர் கேட்டிருப்பது இது: செக் இசையமைப்பாளர் த்வொர்ஜாக்கின் ஒன்பதாவது சிம்ஃபொனியைக் கேட்கலாம் என்று தேடினால் நூற்றுக்கும் மேல் பதிவுகள் வந்து நிற்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்ப சுப்ராஃபோன் என்ற செக் கம்பெனியின் பழைய பதிவுகளையே சொல்கிறார்கள். அவற்றில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை ‘அவர்கள் இசையை அவர்கள்தான் வாசிக்க வேண்டும்’ என்ற எண்ணம் மட்டும்தானா? இருக்கிறது என்றால் எங்கே தொடங்குவது? இதைப் படித்தபோது கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் பட்டது. நல்ல ஹெட்ஃபோன் இருக்கிறது, போன வருடம் பதிவான துல்லியமான ஒலி கையில் இருக்கிறது. அப்படியிருக்க, அறுபது எழுபது வருடப் பழைய, இரைச்சல் உள்ள ஒரு பதிவோடு ஏன் உட்கார வேண்டும்? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய இசைத்தட்டுகளையும் ஸ்பூல் டேப்புகளையும் டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுப்ராஃபோன் தட்டுகள் முதலில் வேலையாகத்தான் என் மேசைக்கு வந்தன. பிறகு நானே தேடி வாங்க ஆரம்பித்தேன். ஒலிப்பதிவு, அறை, மைக், டேப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எனக்குச் செக் மொழி தெரியாது, ஆகவே ஓபரா பாடகர்களின் உச்சரிப்பு பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசித்தவனும் இல்லை. வாசிப்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரு தொடர்ந்த ரசிகனின் காது சொல்வது.

சுப்ராஃபோன் என்ற பெயர் 1932ல் ஒரு வணிக முத்திரையாகப் பதிவானது. அந்தக் காலத்தில் பிராக் நகரில் உல்ட்ராஃபோன், எஸ்டா என்ற தனியார் நிறுவனங்கள் தட்டுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946ல் செக்கோஸ்லோவாக்கியாவில் இந்தத் தொழில் முழுவதும் அரசுடைமை ஆனது. ‘கிராமபோன் ஆலைகள்’ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் எல்லாம் வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் தட்டுகளின் மேல் சுப்ராஃபோன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, போகப் போக அதுவே நிறுவனத்தின் பெயராக நிலைத்தது. பிராகுக்குத் தென்மேற்கே லொட்யெனிட்சே என்ற சின்ன ஊரில் 1951ல் தட்டு அச்சடிக்கும் ஆலை தொடங்கியது. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. இப்போது வேறு பெயரில், உலகத்திலேயே அதிகமாக வினைல் அச்சடிக்கும் இடம் அதுதான். ஏற்றுமதியை ஆர்தியா என்ற அரசு வணிக நிறுவனம் பார்த்துக்கொண்டது. பழைய உறைகளில் அந்தப் பெயரையும் பார்க்கலாம், குழம்ப வேண்டாம். பிறகு இசையமைப்பாளர் சங்கத்தின் பான்டன், 1971ல் பிராட்டிஸ்லாவாவில் ஓபுஸ் என்று மற்ற பெயர்களும் வந்தன. 1989க்குப் பிறகு எல்லாம் தனியார் கைக்குப் போனது. நிறுவன வரலாறு இந்த அளவு போதும்.

இதில் இசை ரசிகனுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு நாட்டின் பதிவுகள் ஏறத்தாழ ஒரே அரசு அமைப்பின் கையில் இருந்தன. அது நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. நல்லது என்ன என்றால், விற்குமா விற்காதா என்று பார்க்காமல் பதிவு செய்தார்கள். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா முடித்த ஓபராக்கள் எட்டு. அவற்றில் ‘விற்கப்பட்ட மணமகள்’ ஒன்றுதான் வெளிநாட்டு மேடைகளில் அடிக்கடி வருவது. மற்ற ஏழையும் முழுதாகப் பதிவு செய்ய எந்த லண்டன் கம்பெனியும் பணம் போட்டிருக்காது. சுப்ராஃபோன் எட்டையும் பதிவு செய்தது, சிலவற்றை ஒரு தடவைக்கு மேல். ஃபிபிஹ், நோவாக், ஃபொர்ஸ்டர், மார்தினூ என்று வெளியே பெயர் மட்டும் தெரிந்தவர்களின் படைப்புகளை இன்று கேட்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த அமைப்புதான். கெட்டது என்ன என்றால், யார் மேடையில் நிற்கலாம், எவர் பெயர் உறையில் வரலாம் என்பதையும் அதே அரசுதான் முடிவு செய்தது. நாட்டை விட்டுப் போனவரின் பெயர் அங்கே இல்லாமல் போனது. இதைச் சொல்லாமல் இந்தப் பதிவுகளைப் புகழ்வது பாதி உண்மை.

இனி ஒலிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உறுதியாகச் சொல்ல முடிகிற காரணம் ஒன்று இருக்கிறது. பிராகின் ஆர்கெஸ்ட்ராவான செக் ஃபில்ஹார்மோனிக்கின் பெரும்பாலான பதிவுகள் அந்த நகரின் வ்ல்தவா நதிக்கரையில் உள்ள ருடோல்ஃபினம் என்ற கட்டடத்தின் த்வொர்ஜாக் அரங்கில் நடந்தவை. 1885ல் திறந்த கட்டடம். 1896 ஜனவரி 4 அன்று அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரியை அங்கே நடத்தியவர் த்வொர்ஜாக்தான். இரண்டு போர்களுக்கும் நடுவில் அது நாடாளுமன்றமாக இருந்தது. பிறகு இசைக்குத் திரும்பியது. பழைய தட்டுகளின் உறையில் ‘கலைஞர் இல்லம்’ என்று போட்டிருப்பதும் இதே கட்டடம்தான். அந்த அரங்கில் எதிரொலி தாராளம். வயலின்களின் நாதம் ஒன்றோடொன்று கலந்து வரும், ஓபோவும் கிளாரினெட்டும் கொஞ்சம் முன்னால் மிதக்கும், பித்தளை வாத்தியங்கள் பின்சுவரில் பட்டுத் திரும்பும். டேப்பை ஓடவிட்டு ஒரு பெரிய நாதம் நின்ற இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்த பிறகும் அறை கொஞ்ச நேரம் பாடுவது தெரியும். கண்ணை மூடிக்கொண்டே ‘இது பிராக் பதிவு’ என்று பழகிய ரசிகர்கள் கண்டுபிடிப்பதில் பாதி பங்கு இந்த அறைக்கு. ‘செக் நாதம்’ என்று பேசும்போது வாத்தியக்காரர்களை மட்டும் புகழ்ந்துவிட்டு அறையை மறந்துவிடுகிறோம்.

மீதிப் பாதி மனிதர்களிடமிருந்து வருகிறது. அதில் முதல் பெயர் வாட்ஸ்லாவ் தாலிக். 1883ல் பிறந்தவர், 1919 முதல் 1941 வரை செக் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர், அதாவது மேடையில் நின்று ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்துபவர். அந்த ஆர்கெஸ்ட்ராவை ஓர் ஒற்றை மனதுள்ள குழுவாகப் பழக்கியவர் அவர்தான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. போர் முடிந்ததும் நாஜிகளுக்கு ஒத்துழைத்தார் என்று குற்றம் சாட்டிச் சிறையில் வைத்தார்கள். குற்றம் நிற்கவில்லை, விடுவித்தார்கள். ஆனாலும் அவருக்குத் தொல்லை தீரவில்லை. இளம் வாத்தியக்காரர்களைச் சேர்த்து 1946ல் அவர் தொடங்கிய சிறு ஆர்கெஸ்ட்ரா 1948ல் கலைந்தது. பிராகை விட்டு பிராட்டிஸ்லாவாவுக்குப் போய் ஸ்லோவாக் ஃபில்ஹார்மோனிக்கை வளர்த்தார். அந்தக் கஷ்ட காலத்தில் அவருக்குத் திறந்திருந்த கதவு ஒலிப்பதிவுதான். 1949க்கும் 1954க்கும் இடையில் சுப்ராஃபோனுக்காக அவர் செய்த பதிவுகள் இந்தக் கம்பெனியின் மொத்தப் பட்டியலிலும் எனக்கு மிகவும் பிடித்தவை. த்வொர்ஜாக்கின் ஸ்லாவோனிய நடனங்கள், ஸ்மெதனாவின் ‘மா வ்லஸ்த்’ (என் தாயகம்), யோசெஃப் சுக்கின் ‘அஸ்ரேல்’ சிம்ஃபொனி, இருபத்தைந்து வயது ரஷ்யச் செல்லோ கலைஞர் ரஸ்த்ரபோவிச்சுடன் 1952ல் த்வொர்ஜாக்கின் செல்லோ கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு).

அந்தச் செல்லோ கான்செர்ட்டோவை ஒரு தடவை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ரஸ்த்ரபோவிச் பின்னால் பெரிய பெரிய நடத்துநர்களோடு அதைப் பல முறை பதிவு செய்திருக்கிறார். அவற்றில் செல்லோ ஒரு ராஜாவைப் போல நடுவில் உட்கார்ந்திருக்கும். 1952 பதிவில் நிலைமை வேறு. இரண்டாம் பகுதி தொடங்கும்போது கிளாரினெட்டும் ஓபோவும் சொல்லி முடித்ததை வாங்கித்தான் செல்லோ பேசுகிறது. பேசி முடித்ததும் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒவ்வொரு மரவாத்தியமும் ஒரு வாக்கியத்தை மூச்சு விட்டு, நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறது. தாலிக் மரவாத்தியக்காரர்களை எப்படிப் பழக்கியிருக்கிறார் என்பது அந்த ஐந்தாறு நிமிடத்தில் காதில் விழுந்துவிடும். மோனோ பதிவுதான், மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. இரண்டு நிமிடத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். பழைய பதிவோடு ஏன் உட்கார வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள முதல் பதில் இந்த இடம்.

தாலிக்கிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கரெல் அன்செர்ல். 1908ல் பிறந்தவர், யூதர். குடும்பத்தோடு நாஜிகளின் தெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அந்த முகாமிலேயே ஒரு சிறு தந்தி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் மாணவரான பாவெல் ஹாஸ் அந்தக் குழுவுக்காகவே அங்கே ஓர் இசைப் படைப்பை எழுதினார். 1944 அக்டோபரில் ஹாஸ் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அன்செர்லின் மனைவியும் குழந்தையும் பெற்றோரும் கொல்லப்பட்டார்கள். அன்செர்ல் பிழைத்தார். போருக்குப் பிறகு தெரெசீனில் கிடைத்த தனித்தனி வாத்தியப் பிரதிகளைச் சேகரித்து ஹாஸின் படைப்பை மீட்டவரும் அவரே. 1950ல் செக் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைக்கு வந்து 1968 வரை இருந்தார். அவர் காலத்தில்தான் சுப்ராஃபோன் ஸ்டீரியோவுக்கு மாறியது. ஆகவே நல்ல ஒலி, நல்ல அரங்கு, உச்சத்தில் இருந்த ஆர்கெஸ்ட்ரா மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தது அவர் கையில்.

அன்செர்லின் வாசிப்பில் இனிப்பு குறைவு. 1961ல் அவர் பதிவு செய்த யானாச்செக்கின் ‘சின்ஃபொனியெட்டா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒன்பது ட்ரம்பெட்டுகள், இரண்டு பாஸ் ட்ரம்பெட்டுகள், இரண்டு டெனர் ட்யூபாக்கள், டிம்பனி மட்டும். பல பிரபலப் பதிவுகளில் இது பளபளவென்று மெருகு போட்ட வெண்கலத் தகடு மாதிரி வரும். அன்செர்லிடம் அது ஊர்ச் சதுக்கத்தில் நின்று ஊதுவது போல இருக்கிறது. ஓரங்கள் கூர்மையாக, மூச்சு தெரியும்படி. கடைசிப் பகுதியில் அதே முழக்கம் திரும்பும்போது மேலே வயலின்களின் நடுக்கம் சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் அவர் வேகத்தை இழுத்து நீட்டுவதில்லை. நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நீங்கள் கேட்ட ஒன்பதாவது சிம்ஃபொனியையும் அவர் 1961லேயே பதிவு செய்திருக்கிறார். இரண்டாம் பகுதியில் காரங்க்லே (ஓபோ குடும்பத்தின் தாழ்ந்த குரல் வாத்தியம்) வாசிக்கும் பிரபலமான மெட்டு அங்கே அழுது வடியாது, நடந்து போகும். முதல் தடவை ‘இவ்வளவுதானா’ என்று தோன்றலாம். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். 2000களின் தொடக்கத்தில் ‘கரெல் அன்செர்ல் கோல்டு எடிஷன்’ என்ற வரிசையில் இவை எல்லாம் மூல டேப்பிலிருந்து புதிதாக மாஸ்டர் செய்யப்பட்டு வந்தன. டிஜிட்டலில் கேட்பவர்கள் அந்த வரிசையைத் தேடினால் தவறு வராது.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் வந்தபோது அன்செர்ல் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வாழ வரவில்லை. டொராண்டோ சிம்ஃபொனியை நடத்தி 1973ல் அங்கேயே இறந்தார். அவருக்கு முன்னால் இருந்த ரஃபாயெல் குபெலீக் 1948லேயே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் நாட்டை விட்டுப் போயிருந்தார். அதாவது இந்த மூன்று தலைமை நடத்துநர்களில் ஒருவர் அவமதிக்கப்பட்டார், இருவர் நாடு கடந்தார்கள். இடையில் ஆர்கெஸ்ட்ரா மட்டும் அதே அரங்கில் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. அடுத்து வந்த வாட்ஸ்லாவ் நொய்மன், அதே ஆர்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்தவர். 1990 வரை இருந்து த்வொர்ஜாக்கின் சிம்ஃபொனிகள் ஒன்பதையும் இரண்டு தடவை முழுதாகப் பதிவு செய்தார், மார்தினூவின் ஆறையும் செய்தார். நொய்மனைச் சிலர் அன்செர்லுக்கு ஒரு படி கீழே வைப்பார்கள். சில பதிவுகளில் அது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் த்வொர்ஜாக்கின் முதல் நான்கு சிம்ஃபொனிகளை அவ்வளவு இயல்பாக, மன்னிப்புக் கேட்காமல் வாசித்துக் காட்டியவர் அவர்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. செக் இசையைச் செக்காரர்கள்தான் வாசிக்க வேண்டுமா? என் பதில், ரத்தத்தில் எதுவும் இல்லை, பாடாந்தரத்தில் நிறைய இருக்கிறது. ஆதாரம் ஒன்று சொல்கிறேன். நடத்துநர் சார்லஸ் மெக்கெராஸ் ஆஸ்திரேலியக் குடும்பத்தவர். 1947ல் உதவித்தொகையில் பிராகுக்குப் போய் தாலிக்கிடம் படித்தார். அங்கே தாலிக் நடத்திய யானாச்செக்கின் ‘காட்யா கபனோவா’வைக் கேட்டு அதிர்ந்து போனவர், மீதி வாழ்க்கையில் பெரும்பகுதியை அந்த இசைக்குக் கொடுத்தார். யானாச்செக்கின் ஓபராக்களை உலகம் ஏற்றுக்கொள்ள வைத்த பதிவுகள் அவர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு டெக்கா என்ற ஆங்கிலக் கம்பெனிக்குச் செய்தவை. பிறப்பால் செக் இல்லாத ஒருவர், வேறு நாட்டு ஆர்கெஸ்ட்ரா, வேறு கம்பெனி. இருந்தும் அதில் தாலிக்கின் பாடம் இருக்கிறது. பின்னாளில் மெக்கெராஸ் செக் ஃபில்ஹார்மோனிக்கோடு சுப்ராஃபோனுக்கும் பதிவு செய்தார். 1984ல் வந்த, யானாச்செக்கின் ‘கிளகோலிட்டிக் மாஸ்’ கண்டிப்பாகக் கேட்க வேண்டியது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: செக் பதிவு என்பதாலேயே அது இசையமைப்பாளர் எழுதியபடி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. யானாச்செக்கின் ‘ஜெனூஃபா’ 1904ல் பிர்னோ நகரில் அரங்கேறியது. பிராக் தேசிய அரங்கு அதை ஏற்க 1916 வரை ஆனது. அப்போதும் அங்கே தலைமை நடத்துநராக இருந்த கரெல் கொவர்ஜோவிட்ஸ் தன் கையால் வாத்திய அமைப்பை மாற்றி, மெருகேற்றிய பிறகுதான் மேடை கொடுத்தார். பிறகு பல பத்தாண்டுகள் உலகம் கேட்டது கொவர்ஜோவிட்ஸின் ‘ஜெனூஃபா’வைத்தான். சுப்ராஃபோனின் பழைய பதிவுகளிலும் இருப்பது அந்த உருவமே. யானாச்செக்கின் சொந்த ஒலிக்குத் திரும்பியது 1982ல் வியன்னாவில் மெக்கெராஸ் செய்த பதிவு. பழைய செக் பதிவுகளில் ‘ஜெனூஃபா’ பாடியவர்களின் குரலில் இருக்கும் நெருக்கம் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வாத்தியங்களைக் கேட்க மெக்கெராஸிடம்தான் போவேன். இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் வழி.

இதே மாதிரி, செக் ஹார்ன் வாத்தியக்காரர்கள் நாதத்தில் லேசான அசைவு கொடுப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். அது உண்மை, 1950கள், 60களின் பதிவுகளில் தெளிவாகக் கேட்கலாம், இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ‘வயலின்களில் போஹீமியக் காட்டின் மணம்’ போன்ற வர்ணனைகளை நான் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். எவ்வளவு வாசிப்பு, எவ்வளவு அரங்கு, மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாதபோது, எல்லாவற்றையும் மண்ணின் குணம் என்று எழுதிவிடுவது சுலபம். த்வொர்ஜாக் அரங்கில் வெளிநாட்டு நடத்துநர் ஒருவர் புரூக்னரின் இசையை வாசிக்க வைத்த பதிவைக் கேளுங்கள். லவ்ரோ ஃபான் மட்டாச்சிச் 1967ல் செய்த ஏழாவது சிம்ஃபொனி. இசை ஆஸ்திரியாவுடையது, நடத்துநர் குரோஷியாக்காரர். அதே நாதம் அங்கேயும் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவிலேயே நின்றுவிடாதீர்கள். சுப்ராஃபோனின் நால்வர் குழுப் பதிவுகள் தனிச் சொத்து. ஸ்மெதனா குவார்டெட் என்ற குழு போர்க்காலத்தில் இளைஞர்களாகச் சேர்ந்து 1989 வரை வாசித்தது. நொய்மனும் தொடக்கத்தில் அதில் இருந்தவர்தான். தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிப்பது அவர்கள் வழக்கம். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள் என்பது ஒலியிலேயே தெரிகிறது. ஸ்மெதனாவின் முதல் குவார்டெட் ‘என் வாழ்க்கையிலிருந்து’. கடைசிப் பகுதியில் குதூகலமான நடனம் சட்டென்று அறுந்து, கீழே மற்றவர்கள் நடுங்க, முதல் வயலின் ஓர் உச்ச ‘ஈ’ சுரத்தை நீளப் பிடிக்கும். செவிடாகும் முன் ஸ்மெதனாவின் காதுக்குள் ஒலித்த இரைச்சல் அது. இந்தக் குழு அந்தச் சுரத்தை அழகாக்க முயல்வதில்லை. 1972 ஏப்ரலில் ஜப்பானின் டெனான் நிறுவனம் தன் புதிய டிஜிட்டல் பதிவுக் கருவியை டோக்கியோவில் இவர்களை வைத்துத்தான் சோதித்தது, மோட்ஸார்ட் வாசித்தார்கள். 13 பிட் கருவி. என் தொழிலில் உள்ளவர்களுக்கு அந்தத் தட்டு ஒரு மைல்கல். அதன் பிறகு டெனானும் சுப்ராஃபோனும் சேர்ந்து பிராகில் நிறைய டிஜிட்டல் பதிவுகள் செய்தார்கள். 80களின் நொய்மன் தட்டுகளின் சுத்தமான ஒலிக்கு அதுவும் காரணம்.

வயலினில் யோசெஃப் சுக். மேலே ‘அஸ்ரேல்’ எழுதியதாகச் சொன்ன இசையமைப்பாளர் சுக்கின் பேரன் இவர். அந்தத் தாத்தா த்வொர்ஜாக்கின் மருமகன். ஆகவே இவர் த்வொர்ஜாக்கின் கொள்ளுப்பேரன். பரம்பரைக்காக அல்ல, அந்த அமைதியான, தற்பெருமை இல்லாத நாதத்துக்காகவே இவரைக் கேட்க வேண்டும். இன்றைய காலத்தில் பாவெல் ஹாஸ் குவார்டெட். தெரெசீனில் எழுதிய அந்த ஹாஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய த்வொர்ஜாக் தட்டு 2011ல் பிரிட்டனின் கிராமபோன் பத்திரிகையிடம் அந்த ஆண்டின் சிறந்த பதிவு என்ற விருதை வாங்கியது. அதுவும் சுப்ராஃபோன்தான். பெரிய ஆர்கெஸ்ட்ரா இப்போது மற்ற கம்பெனிகளுக்கும் பதிவு செய்கிறது. அறை இசையில் பழைய இழை அறுபடாமல் இருக்கிறது.

வாங்குவது பற்றி. பழைய எல்பி வாங்கினால் தட்டின் எண்ணுக்கு முன் ‘எஸ்டி’ (ST) என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள், அது ஸ்டீரியோ. தாலிக்கின் பதிவுகள் எல்லாமே மோனோ. அவற்றின் மேல் ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் பின்னாளில் செயற்கையாகப் பிரித்தது, தவிர்த்துவிடுங்கள். முதல் அச்சு என்று சொல்லி அதிக விலை கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஐம்பது வருடம் மட்டமான ஊசியில் ஓடிய முதல் அச்சைவிட மூல டேப்பிலிருந்து ஒழுங்காக எடுத்த டிஜிட்டல் கோப்பு எவ்வளவோ மேல். இந்தக் கம்பெனியே தன் இணையக் கடையில் இழப்பில்லாத கோப்புகளாக விற்கிறது.

வேறு கம்பெனிகளும் இதே பதிவுகளை வெளியிடுவதைப் பார்ப்பீர்கள். அது திருட்டு என்று நினைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு ஐம்பது வருடம். 2013ல் அதை எழுபது ஆக்கினார்கள். அதற்குள் 1963க்கு முன் வெளியானவை பொதுவுடைமைக்கு வந்துவிட்டன, திரும்ப உள்ளே போகவில்லை. ஆகவே யாரும் வெளியிடலாம். ஆனால் கவனம் தேவை. சில வருடம் முன்பு, ஒரு நால்வர் குழுவின் ‘இதுவரை வெளிவராத மேடைக் கச்சேரி’ என்று ஒரு சிடி வாங்கினேன். வெளியிட்டவர் பெயர் வேண்டாம். கேட்கக் கேட்க எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. என்னிடம் இருந்த ஸ்டுடியோ பதிவையும் இதையும் கணினியில் அருகருகே வைத்து, வேகத்தைச் சரிசெய்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிச் சேர்த்தேன். இரண்டு வெவ்வேறு வாசிப்பாக இருந்திருந்தால் குழப்பமான ஒலி வந்திருக்கும். வந்தது மெல்லிய காற்றுச் சத்தமும், கடைசியில் தனியாக ஒரு கைதட்டலும். ஸ்டுடியோ பதிவின் வாலில் கைதட்டலை ஒட்டி விற்றிருக்கிறார்கள். உறையில் உள்ள தேதியை நம்பி இரண்டு வாசிப்புகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எதில் தொடங்குவது? ஒலி உறுத்தாமல் இருக்க அன்செர்லின் ‘சின்ஃபொனியெட்டா’வும் ஒன்பதாவது சிம்ஃபொனியும். பிறகு ஸ்மெதனா குவார்டெட். ஓபரா கேட்கும் பொறுமை வந்ததும் ஸ்டெனெக் ஹலபலா 1961ல் நடத்திய, த்வொர்ஜாக்கின் ‘ருசால்கா’. நிலாவைப் பார்த்துப் பாடும் அந்தப் பாட்டை மிலடா ஷுப்ர்தோவா பாடியிருப்பதைக் கேட்ட பிறகு மற்ற ருசால்காக்கள் கொஞ்சம் அதிகமாக அலங்கரித்துக்கொண்டது போலத் தெரிவார்கள். அதன் பிறகு தாலிக்கிடம் வாருங்கள்: 1950ன் ஸ்லாவோனிய நடனங்கள், 1952ன் செல்லோ கான்செர்ட்டோ, 1954ன் ‘மா வ்லஸ்த்’. இதே ‘மா வ்லஸ்த்’தை, நாற்பத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய குபெலீக் 1990 மே 12 அன்று பிராகில் நடத்திய பதிவும் இருக்கிறது. ஸ்மெதனா இறந்த தேதி அது. பிராக் வசந்த விழா ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அந்தப் படைப்போடுதான் தொடங்கும். வாசிப்பில் சில இடங்களில் பிசிறு உண்டு. அதைத் திருத்திய பதிவு எனக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகைப் பிடித்தது. ஜூன் 5 அன்று தேசிய அரங்கில் தாலிக் ‘மா வ்லஸ்த்’ நடத்தினார். வானொலி அதை ஐரோப்பாவுக்கு அஞ்சல் செய்தது. நார்வே வானொலி ஒஸ்லோவில் அதைப் பதிவு செய்து வைத்திருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, 2011ல் சுப்ராஃபோன் அதை வெளியிட்டது. ஒலி மோசம்தான், தொலைபேசிக் கம்பி வழியே கேட்பது போல இருக்கும், தொடக்கத்து ஹார்ப்புகள் சலசலப்புக்குள் மூழ்கிப் போகும். அன்று மட்டும் கடைசி நாதம் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கைதட்டல் அலையலையாக வரும், வரவர ஏறும். அதற்குள்ளிருந்து எங்கோ ஒரு சில குரல்கள், பிறகு அரங்கம் முழுவதும், தடை செய்ய வந்தவர்கள் ஊருக்குள் இருக்கும்போதே, தங்கள் நாட்டு கீதத்தைப் பாடத் தொடங்குவார்கள்.